குறைத்துப் போட்ட நாலு வயது

யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்து, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கேயே வார்டில் வேலையும் பார்த்து, நர்ஸ் என்று சான்றிதழ் வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு கப்பலேறி மலாயாவுக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று வருஷம் புட்டு அவித்தேன். புட்டு நன்றாகத்தான் வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புட்டு அவிக்க யாரும் மூன்று வருஷம் படிப்பதில்லை.

என் கணவர் ரயில்வே ஆபீசில் கிராணி. மலாயாவில் குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வார்கள். அதிகம் பேசாத மனிதர். கோபம் வந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் செய்வார். எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தண்டவாள வேலை செய்கிறவர்களின் வரிசை வீடுகள், லயம் என்பார்கள், இருந்தன. அங்கே ஒருத்தி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் எங்கள் பின்கதவுக்கு வந்தாள். பிள்ளையின் காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டிப் பத்து நாளாகியிருந்தது. யாரோ சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசி, புண் அழுகிப்போய்க் கிடந்தது. நான் தண்ணீர் கொதிக்கவைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்து அவித்துக் காயவைத்தேன். மூன்று வாரம் தினமும் அந்தப் பிள்ளைக்குக் கட்டுப் போட்டேன். புண் ஆறியது. அந்த மூன்று வாரமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் பிள்ளையின் தாய் என்னை அடிக்க வந்திருப்பாள்.

அவள்தான் கேட்டாள்: "நர்ஸம்மா, எங்காளுங்க ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க பேச்சு வெளங்குற பொம்பள ஒருத்தி இல்ல. நீங்க போய்ச் சேந்தா என்னாவாம்?"

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். செய்தித்தாள் உயரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை மடித்து வைத்தார்.

"உமக்கு விருப்பமெண்டால் எழுதிப் போடும். நான் மறிக்கேல்லை," என்றார்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் போதாது என்று அவருக்குக் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லியிருந்தார். சொன்னவர் அந்த ஆஸ்பத்திரி ஆபீசிலேயே கிராணி. நடு வயதுக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம்தான். என்னென்ன வேண்டும் என்று அவரே ஒரு துண்டில் எழுதி அனுப்பினார். படித்த சான்றிதழின் அசல் வேண்டும். கல்யாணமானவள் என்பதால் கல்யாணப் பதிவின் நகலும், கணவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். பிறகு நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். கடல் தாண்டிப் படித்தவர்களின் கையெழுத்தை மேட்ரன் பார்ப்பதில்லையாம், கையைத்தான் பார்ப்பாராம். கை பிடித்துப்போனால் படித்த ஆஸ்பத்திரிக்கு அவரே எழுதி, இவள் எத்தனை காலம் எந்தெந்த வார்டில் இருந்தாள் என்று கேட்பார். பதில் வந்ததும் வேலை நிரந்தரம்.

ஒரு வாரம் என் கணவர்தான் நோயாளி. ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும் நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்கட்டு, தோள்கட்டு, முழங்கால்கட்டு என்று போட்டுப் பழகினேன். தலை முழுவதும் துணி சுற்றிய நிலையில் அவர் பேப்பர் வாசித்தார். அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ரயிலிலை அடிபட்டவரோ?" என்று ஓடிவந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கிள்ளானுக்கு ரயிலில் தனியாகவே போனேன். மேட்ரன் வெள்ளைக்காரி, ஐம்பது வயதிருக்கும். சிரிப்பில்லாத முகம், ஆனால் கடுமை இல்லை. என்னை ஒரு தோட்டத் தொழிலாளியின் கட்டிலுக்கு அழைத்துப்போனார். முழங்காலுக்குக் கீழே பெரிய புண். கைகட்டி நின்றார்.

கை கழுவினேன். மருந்துத் தட்டை அடுக்கினேன். பழைய கட்டை நனைத்து, இழுக்காமல் எடுத்தேன். என் கைகள் என்னைக் கேட்காமலே வேலை செய்தன. மூன்று வருஷம் புட்டுக் குழலைப் பிடித்த கைகள்தான். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவர், பாதியில் ஒரு கண்ணைத் திறந்து, "வலிக்கல தாயி," என்றார். கட்டி முடித்து, விரிப்பை மாற்றி, மூலைகளை மடித்துச் செருகினேன். மேட்ரன் குனிந்து மூலையை இழுத்துப் பார்த்தார். அது நகரவில்லை.

"உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் கண்டிப்பானவராக இருந்திருக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில்.

"மிகவும்," என்றேன்.

"அடுத்த மாதம் முதல் தேதி வரலாம். கடிதங்கள் பின்னால் வரட்டும்."

நான் அழவில்லை. ஆனால் ஆபீஸ் அறைக்கு நடந்தபோது கால் தரையில் படவில்லை.

அங்கே நம்மூர்க் கிராணி என் தாள்களை வைத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கல்யாணப் பதிவைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பிள்ளை, இதிலை கணக்கு உதைக்குது. கலியாணப் பதிவின்படி பாத்தால், நீங்கள் நர்ஸுக்குப் படிக்கத் தொடங்கேக்கை உங்களுக்குப் பதினைஞ்சு வயசு. பதினெட்டு ஆகாமல் படிச்ச படிப்பை இஞ்ச ஏற்கமாட்டினம்."

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சாதகத்திலை குறைச்சவையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"என்ர தங்கச்சிக்கும் ரெண்டு குறைச்சனாங்கள்," என்றார் பாவமாக.

விஷயம் இதுதான். நான் நர்ஸுக்குப் படிக்கப் போனபோது எனக்குப் பத்தொன்பது. கல்யாணப் பேச்சு வந்தபோது இருபத்துநாலு. மாப்பிள்ளை மலாயாவில் ரயில்வே உத்தியோகம், வயது இருபத்துமூன்று. மலாயா மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் அந்த நாளில் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் பெண் ஒரு வயது மூத்தவள் என்றால் யார் கட்டுவார்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், பொய்க்கு அதிகம் பழக்கமில்லாதவர். ஒரு பொய்தான் சொன்னார். சாத்திரியாரைப் பிடித்துப் புதுச் சாதகம் எழுதுவித்து, நாலு வயதைக் குறைத்து என்னை இருபது ஆக்கினார். பொருத்தம் பத்துக்கு எட்டு என்று வந்தது. பதிவுக்காரர் முன்னாலும் இருபது என்றே சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். என் கணவருக்கு இது தெரியாது. மூன்று வருஷமாக நான் அவரைவிட ஒரு வயது மூத்தவள் என்ற பயத்தோடுதான் அவருக்குச் சோறு போட்டு வந்தேன்.

நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது மேட்ரன் உள்ளே வந்துவிட்டார். கிராணியால் மறைக்க முடியவில்லை. கணக்கைச் சொன்னார். மேட்ரனுக்கு ஆச்சரியமே இல்லை. இந்த நாட்டில் வயதுகள் தவறாக எழுதப்படுவது தனக்குத் தெரியும் என்றார். கணவனும் மனைவியும் மாஜிஸ்திரேட் முன்னால் போய், ஊரிலிருந்து பிறப்புப் பதிவுகளை வரவழைத்துக் காட்டி, உண்மையான வயதைச் சத்தியம் செய்து கொடுத்தால் போதும். கல்யாணப் பதிவைத் திருத்திவிடுவார்கள்.

"சின்ன விஷயம். அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன்," என்று சொல்லி என் சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ரயிலில் திரும்பி வந்த அந்த நேரம் முழுவதும் ஒரே நினைவுதான். இன்றைக்கு அவரிடம் சொல்ல வேண்டும். ஏமாற்றிக் கட்டிவிட்டீர்கள் என்று அவர் கத்தினால் தாங்கிக்கொள்வேன். ஒரு வயதுதானே, கத்திவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் வந்தால் சரி. நர்ஸ் தொப்பி வைத்துக்கொள்வதற்காக நான் எந்த அவமானத்தையும் விழுங்கத் தயாராக இருந்தேன்.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் சொன்னேன். அவர் கத்தவில்லை. பேப்பரையும் எடுக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நீர் என்னிலும் மூத்தவ இல்லை," என்றார் கடைசியில்.

"இல்லை, கேளுங்கோ. எனக்கு அப்ப இருபத்துநாலு. உங்களுக்கு இருபத்துமூண்டு."

"எனக்கு இருபத்துமூண்டு இல்லை. இருபத்தேழு."

அவர் சோதனையில் பல தடவை தோற்றவர். கடைசியில் பாசாகி மலாயாவில் உத்தியோகத்துக்கு எழுதும்போது வயதெல்லை தாண்டிவிட்டது. அவருக்கு ஒரு தம்பி இருந்தானாம், நாலு வயது இளையவன், ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். மாமன் ஒருவர் அந்தத் தம்பியின் பிறப்புச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து ஆபீசிலும் பதிவிலும் சம்பளப் புத்தகத்திலும் என் கணவர் தன் செத்துப்போன தம்பி. கல்யாணத்துக்குக் கொடுத்த சாதகமும் தம்பியுடையதுதான். இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டுமல்லவா?

நான் சிரித்தேன். என்னால் அடக்க முடியவில்லை. என் பொய்ச் சாதகத்தையும் செத்த பிள்ளையின் சாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எட்டுப் பொருத்தம் கண்டுபிடித்த சாத்திரியாரை நினைத்துச் சிரித்தேன். பொய்யில் எங்களுக்கு மூன்று வயது வித்தியாசம். மெய்யிலும் அதே மூன்று. இரண்டு வீட்டாரும் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒரு பொய்யும் தேவைப்பட்டிருக்காது. சிரித்து முடித்த பிறகு ஆத்திரம் வந்தது. இன்று வரைக்கும் அது முழுதாகப் போகவில்லை.

"அப்ப உள்ளதைச் சொல்லுவம்," என்றேன்.

"சொன்னால் வேலை போகும். பிடிச்சு மறியலுக்கும் அனுப்புவாங்கள்."

"நீங்கள் சொல்ல வேண்டாம். நான் மட்டும் என்ர வயசைத் திருத்துறன். நான் மூத்தவ எண்டே ஊர் சொல்லட்டும்."

"ரெண்டு பேற்றை பிறப்பையும் எல்லே கேக்கினம்? எங்கட ஊர்ப் பதிவுக்காரர் அந்தப் பேரைத் தேடினால் பிறப்பும் வரும், இறப்பும் வரும்."

இரண்டு வாரம் நான் சண்டை போட்டேன். அப்போது சொன்னதையெல்லாம் எழுதினால் இந்தத் தாள் தாங்காது. உங்களுடைய பொய் சோறு போடும் பொய், என்னுடைய மெய்க்கு இடமில்லையா என்று கேட்டேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஆபீசுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், கிணற்றடியில் போய் நெடுநேரம் முகம் கழுவினார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். முகம் கழுவவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. வேலையும் வேண்டாம், சான்றிதழும் கிள்ளானிலேயே கிடக்கட்டும், பேசாமல் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆனால் விடுவதற்கும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கிராணி எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை.

"மேட்ரன் உங்களுக்கு உதவி செய்ய நிக்கிறா. உங்களிட்டையிருந்து பதில் வரேல்லை எண்டு, ஏழைப் பிள்ளை அலைய மாட்டாமல் நிக்குது எண்டு நினைச்சுப்போட்டா. யாழ்ப்பாணத்துப் பதிவுக்காரருக்குத் தானே எழுதப் போறாவாம், ரெண்டு பேற்றை பதிவையும் அனுப்பச் சொல்லி. திங்கள் எழுதுறன் எண்டவ, வியாழன்வரை நான் இழுத்து வைச்சிருக்கிறன். அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

அவர் போன பிறகு என் கணவர் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சான்றிதழிலை உம்மடை முழுப்பேர் இல்லைத்தானே?"

இல்லை. மிஷனில் அப்படித்தான் எழுதுவார்கள். மிஸ் என்று போட்டு, முதலெழுத்து ஒன்றைப் போட்டு, அப்பாவின் பெயர்.

"வேலை வேண்டாம் எண்டு மட்டும் சொன்னால், ஏன் எண்டு கேட்டு இன்னும் தோண்டுவா. அது அக்காவின்ரை எண்டு சொல்லும். அக்கா செத்துப்போனா எண்டு சொல்லும். செத்த ஆக்களை ஒருத்தரும் விசாரிக்கிறேல்லை. எனக்குத் தெரியும்."

எனக்கு அக்கா இல்லை. நான் ஒரே பெண்.

புதன்கிழமை கிள்ளானுக்குப் போனேன். மேட்ரனின் மேசையில் நின்றுகொண்டே எழுதினேன். நான் கொடுத்த சான்றிதழ் என்னுடையதல்ல, காலஞ்சென்ற என் மூத்த சகோதரியுடையது, நான் நர்ஸுக்குப் படித்தவளல்ல, செய்த பிழைக்கு வருந்துகிறேன். ஆங்கிலத்தில் ஐந்தாறு வரிதான். கை நடுங்கவில்லை. கட்டுப் போட்டுப் பழகிய கையல்லவா.

மேட்ரன் அதை வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தார்.

"அப்படியானால் அந்தக் கட்டை உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது?"

"அக்கா," என்றேன்.

அவர் நம்பவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. போலீசுக்குச் சொல்லலாம் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. கையெழுத்தை ஒற்றி, தாளை மடித்து, "இறந்தவரின் சான்றிதழ் வேறு யார் கையிலும் இருக்கக் கூடாது. படித்த இடத்துக்கே அனுப்பிவிடுகிறேன்," என்றார். ஞாபகத்துக்கு அதையாவது தாருங்கள் என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார்.

வெளியே வராந்தாவில், காலில் புண்ணோடு இருந்த அந்தத் தோட்டத் தொழிலாளி சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"தாயி, எப்ப வரீங்க வேலைக்கு? இங்க உள்ளவங்க கட்டப் பிச்சு எடுக்குறாங்க."

"நான் வரலை ஐயா," என்றேன். ஏன் என்று கேட்டார். நான் படியிறங்கிவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தஞ்சாவூர்க்காரியிடம் இனி என்னை நர்ஸம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். "சரிங்கக்கா," என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. நான் கோபக்காரி என்று நினைத்திருப்பாள். என் கணவர் என்னிடம் முன்னைவிட அன்பாக இருந்தார். சந்தைக்குப் போனால் கேளாமலே எனக்குப் பூ வாங்கி வந்தார். அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. வைக்காமல் விட்டால் அவர் முகம் சுருங்கும், அதனால் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு தடித்த கடிதம் வந்தது. உள்ளே இன்னொரு கடிதம். எங்களுக்குப் படிப்பித்த மிஷன் டாக்டரம்மா அப்பாவுக்கு எழுதிய அனுதாபக் கடிதம். மலாயாவிலிருந்து சான்றிதழ் திரும்பி வந்ததாகவும், உங்கள் மகள் அந்நிய தேசத்தில் இறந்துபோனதை அப்படித்தான் அறிந்ததாகவும் எழுதியிருந்தார். இருபது வருஷத்தில் தன்னிடம் படித்தவர்களில் அவளைப் போல் ஒரு கை யாருக்கும் அமையவில்லையாம். என்னிடம் நேரில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூலை சரியில்லை, மறுபடி விரி என்றுதான் சொல்லியிருக்கிறார். கூடப் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, பெண்கள் வார்டில் சன்னலோரக் கட்டிலுக்கு மேலே என் பெயரை எழுதி மாட்டியிருக்கிறார்களாம். ஊருக்குப் போனாலும் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் கடிதம் அரைப் பக்கம்தான். அனுதாபக் கடிதத்தை வாசித்ததும் மயங்கி விழுந்துவிட்டாராம். அதே தபாலில் நான் எழுதிய கடிதம் ஒன்றும் வந்திருந்ததைப் பக்கத்து வீட்டார் எடுத்துக் காட்டிய பிறகுதான் உயிர் வந்ததாம். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. தான் குறைத்துப்போட்ட வயதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், அவர் வாத்தியார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "டாக்டரம்மாவுக்கு நன்றி தெரிவித்துப் பதில் போட்டுவிட்டேன். கட்டிலுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். நீ பயப்படாதே. இனி ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள்."